விலை கேட்பவருக்குப் படத்தைக் காட்டு

அன்பு மருமகளுக்கு,



பல்கலைக்கழகத்திலிருந்து ஒலுவில் துறைமுகப் பக்கம் படம் எடுக்கப் போவதை விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதாக உன் உம்மா சொன்னா. கடல் அலுக்கவில்லையாம், கேள்விகள்தான் அலுத்துவிட்டனவாம். கமராவைத் தோளில் கண்டதும் ஆள் மாறி ஆள் வந்து, "என்ன விலை புள்ள இது?", "எத்தினை மெகாபிக்சல்?", "கட்டார்லருந்து வந்ததா?", "எந்த டீவிக்கு எடுக்கிற?" என்று கேட்கிறார்களாம். விட்டுவிடாதே மகள். உனக்குப் பிடித்த ஒன்றைப் பிறர் கேள்விக்காகக் கைவிட்டால், பிறகு அதே பழக்கம் எல்லாவற்றிலும் வந்துவிடும்.

அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் பார். நம் கரையில் புது எஞ்சின் பூட்டியவனிடம் எத்தனை குதிரைவலு, என்ன விலை என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போவதில்லை. வலை வாங்கினால் கண் எத்தனை அங்குலம் என்று கேட்பார்கள், விரலை விட்டும் பார்ப்பார்கள். கருவியை நம்பி உப்புக் காற்றில் பிழைக்கிறவர்கள் அவர்கள். இன்னொருவர் கையில் புதிய கருவி ஒன்றைக் கண்டால் அதைப் பற்றிக் கேட்பதுதான் அவர்கள் அறிந்த மரியாதை. வாடியடியில் நிற்கும் மூத்தவர் விலை கேட்கும்போது உன்னோடு ஒரு வார்த்தை பேச விரும்புகிறார். முகத்தைச் சுளிக்காதே.

பதிலைச் சுருக்கமாகச் சொல், பொய் சொல்லாதே. "காக்கா பாவித்துவிட்டுத் தந்த பழைய கமரா, கூட வந்த லென்ஸ்தான்" என்றால் போதும். விலைத் தொகையை வாயால் சொல்ல வேண்டியதில்லை. தந்த பொருளுக்கு விலை கேட்கவில்லை என்று சொல், அது உண்மையும்கூட. உடனே கமராவின் திரையைத் திருப்பி, சற்றுமுன் எடுத்த படத்தை அவருக்குக் காட்டு. அதற்குப் பிறகு விலைப்பேச்சு வராது. "இது எங்கட தோணி", "அந்தப் பக்கத்தால எடுத்தா இன்னும் நல்லா வரும்" என்று பேச்சு திரும்பிவிடும். எந்தக் காற்றுக்கு எந்தப் படகு எப்போது உள்ளே வரும், எந்த நேரம் சூரை இறங்கும் என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள், அது எந்தப் புத்தகத்திலும் உனக்குக் கிடைக்காது. கமராவைக் கழற்றி ஒருவர் கையிலும் கொடுக்காதே. பட்டி உன் கழுத்திலேயே இருக்கட்டும். கீழே அலைதடுப்புக் கற்கள்.

மெகாபிக்சல் கேட்கிற இளைஞர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடு. 8க்கு 10 அங்குலப் பிரதி ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட 2400 தர 3000 புள்ளிகள் வேண்டும். பெருக்கினால் 72 இலட்சம், அதாவது 7.2 மெகாபிக்சல். கேட்கிறவரின் சட்டைப்பையில் உள்ள போனில் அதைவிடக் கூடவே இருக்கும். "அப்போ நான் எதை வாங்கலாம்?" என்று தொடர்ந்தால் கம்பனிப் பெயர் எதையும் சொல்லாதே. எதை எடுக்க ஆசை என்று கேள். பலர் அந்த இடத்தில் நின்று யோசிப்பார்கள். குருவியும் தூரத்துத் தோணியும் எடுக்க ஆசைப்படுகிறவருக்கு நீண்ட லென்ஸ் தேவை. பிள்ளைகளையும் பெருநாளையும் எடுக்க நினைப்பவருக்குக் கையில் உள்ள போனே தாராளம்.

நல்ல கருவி வந்தபின்தான் நல்ல படம் என்ற எண்ணம் உனக்கும் வரக்கூடும், ஆகவே நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட இருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்மணிக்கு 1863இல் மகள் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தபோது வயது 48. பெரிய மரப்பெட்டி, கண்ணாடித் தட்டு, கையைக் கறுப்பாக்கும் இரசாயனம். படம் தெளிவில்லை, மங்கல் என்று அக்காலத்து விமர்சகர்கள் அவரைக் குறை கூறினார்கள். அவர் தனக்குப் பிடித்த மங்கலை விடவில்லை. 1875இல் இலங்கைக்கு வந்து இங்கும் தோட்டத் தொழிலாளரைப் படம் எடுத்தார், 1879இல் இங்கேயே காலமானார். போகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம். மற்றவர் கொழும்பின் லயனல் வென்ட். சட்டம் படித்தவர், பியானோ கலைஞர். படம் எடுப்பதில் 1930களில்தான் தீவிரமாக இறங்கினார், 1944இல் 44 வயதில் இறந்துவிட்டார். அவரிடம் லைக்காவும் றொலிபிளெக்ஸும் இருந்தன, உண்மைதான். ஆனால் அதே கமராக்கள் அக்காலக் கொழும்பில் வசதியுள்ள எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இருந்திருக்கும். இன்று நாம் பார்ப்பது வென்ட் எடுத்த மீனவரையும் ஓலையையும் மணலையும்தான். பியானோ அவர் பயிற்சி பெற்ற துறை, படம் அவர் விரும்பிப் போன இடம்.

இதைச் சொல்லக் காரணம் உன்னிடம் வருகிற இன்னொரு கேள்வி. "கலியாண வீட்டுக்கு எடுத்தா நல்ல காசு, ஏன் சும்மா கடலை எடுக்கிற?" என்று நம் சொந்தக்காரரே கேட்பார்கள். கல்முனையில் கலியாணப் படம் எடுத்துக் குடும்பம் நடத்துகிற பிள்ளைகளை நான் மதிக்கிறேன், அது கடினமான தொழில். நீ அதைச் செய்ய விரும்பினால் செய். விரும்பாவிட்டால், "இது எனக்குப் பிடிக்கும், அதனால் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடு. விளக்கம் தேவையில்லை. விருப்பத்துக்குச் செய்வதற்கெல்லாம் வருமானக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் ஊர்களில் பிள்ளைகளை, அதிலும் பொம்பிளப் பிள்ளைகளை, நிறையவே முடக்கியிருக்கிறது.

துறைமுகத்தைப் பற்றியும் சிலர் உனக்குப் பாடம் எடுப்பார்கள். துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப் கண்ட கனவு அது. 2000இல் அவர் இறந்தபின், 2008இல் டென்மார்க் கடனில் வேலை தொடங்கி 2013 செப்டெம்பர் 1ஆம் திகதி திறந்தார்கள். வணிகக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்குமாகக் கட்டிய இடத்தில் மீன்பிடிப் படகுகளே நின்றன. பிறகு துறைமுக வாயை மண் மூடி அவையும் திண்டாடின. கரையோரமாக வடக்கே நகரும் மணல் அலைதடுப்பில் தடைப்பட்டு நிற்க, வடக்குப் பக்கத்துக் கரைக்கு வரவேண்டிய மண் வராமல் கடல் தென்னந்தோட்டங்களைத் தின்றது. "இதை எடுத்து உலகத்துக்குக் காட்டு, அழகை எடுத்து என்ன பயன்?" என்று கேட்பார்கள். கோபம் நியாயமானது. ஆனாலும் கடமைக்காக ஓடாதே. உனக்குப் பிடித்தது வெளிச்சவீடும் வேரோடு சாய்ந்த தென்னையும் என்றால் அவற்றையே எடு, திகதியைக் குறித்து வை. அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று எடு. பிடித்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவரிடம்தான் கரை எவ்வளவு பின்வாங்கியது என்பதற்குச் சாட்சி சேரும்.

நம் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. காலையில் கடலை நோக்கி எடுத்தால் தோணியும் ஆளும் கரிய உருவமாக வரும். அது பிடித்தால் வெளிச்ச அளவை ஓரிரு படி குறைத்து வை. முகம் வேண்டுமென்றால் அசருக்குப் பிறகு போ, வெயில் உன் முதுகுப் பக்கமிருந்து அவர்கள் முகத்தில் விழும். கரையில் நின்று லென்ஸைக் கழற்றாதே. அறைக்கு வந்ததும் கமராவில் படிந்த உப்பைத் துடை.

ஒரு வகைக் கேள்விக்கு மட்டும் வேறு விதமாக நடந்துகொள். துறைமுக வாயிலில் காவலரோ கடற்படைக்காரரோ கேட்டால் அது விசாரணை. அனுமதியில்லாமல் உள்ளே போகாதே, அவர்களுடைய படகையும் காவலரணையும் எடுக்காதே. பல்கலைக்கழக அடையாள அட்டையைக் காட்டி அமைதியாகப் பதில் சொல். 2019 ஏப்ரல் குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு நம் பிள்ளைகள் கையில் கமராவோடு நின்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தில்தான் உன் உம்மா இரவில் உனக்குப் போன் எடுக்கிறா. ட்ரோன் வைத்திருக்கும் சிநேகிதி கூட வந்தால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கூட்டிப் போ. தனியே போகாதே.

கேள்வி கேட்டுக்கொண்டே நிற்கும் சிலர் கடைசியில், "என்னையும் ஒண்டு எடு மகள்" என்பார்கள். அவர்களை எடு. 2004 சுனாமியில் மருதமுனையிலிருந்து கரை நெடுகிலும் ஆட்களோடு அல்பங்களும் போயின. இறந்த பிள்ளையின் முகத்தைக் காட்ட ஒரு படம்கூட இல்லாத வீடுகளை நான் அறிவேன். போன் நம்பர் கேட்டால் கொடுக்காதே. "பிரிண்ட் போட்டு வாடிக்குக் கொண்டு வந்து தாறேன்" என்று சொல், சொன்னபடி கொண்டு போய்க் கொடு. அந்தச் செலவு என்னுடையது. பெருநாள் விடுமுறைக்கு வரும்போது படங்களை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்து வா, யாருக்கு எந்தப் படம் என்று துண்டில் எழுதி வை. கல்முனையில் இருவருமாகப் போய் அச்சிட்டு வருவோம்.

வஸ்ஸலாம்.

உன் மாமா