பழுது ஒன்று, விலை இரண்டு

கார் பழுதானால் அதைச் சீர்செய்ய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, காரை விற்ற கம்பெனியின் சர்வீஸ் நிலையம்; மற்றொன்று, தெருமுனைப் பட்டறை. முன்னதில் விலை மிகுதி, பின்னதில் குறைவு என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும் எவ்வளவு மிகுதி, ஏன் மிகுதி, அந்த மிகுதிக்கு ஈடாக நாம் பெறுவது என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்பவர் சிலரே. சோதனைச் சாலையில் ஒரு துளி அமிலத்தையும் அளந்து ஊற்றுகிற நாம் இதனை மட்டும் அளக்காமல் விடலாமா?

எனக்கு இந்த ஆராய்ச்சி பொழுதுபோக்கு அன்று. என் தந்தையார் தில்லியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் நான் படிப்பதும் அந்த வண்டியால்தான். சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் எஞ்சின் உறுமியது. வண்டியோ வேகம் பிடிக்கவில்லை. எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டு செல்வது கிளட்ச் தட்டின் உராய்வு. தட்டின் மேற்பரப்பு தேய்ந்தால் அது வழுக்கும். எஞ்சின் சுழலும், சக்கரம் அதற்கு ஈடுகொடுக்காது. கிளட்சை மாற்றியே தீரவேண்டும்.

இரண்டு சீட்டுகள்

சர்வீஸ் நிலையத்தார் ஆங்கிலத்தில் ஒரு மதிப்பீட்டுச் சீட்டு கொடுத்தனர். கிளட்ச் செட்டும் பேரிங்கும் ரூ. 8,200, கியர் ஆயில் ரூ. 1,000, கூலி ரூ. 4,600, இதர வேலைகள் ரூ. 4,700. வரி உட்பட மொத்தம் ரூ. 18,500. பட்டறைக்காரர் சொன்ன கணக்கு வேறு. செட்டும் பேரிங்கும் ரூ. 6,100, ஆயில் ரூ. 800, கூலி ரூ. 2,000. மொத்தம் ரூ. 8,900.

வேறுபாடு ரூ. 9,600. பார்த்தவுடன் "பாதிக்குப் பாதி!" என்று வியக்கத் தோன்றும். ஆனால் ஒப்பிடும்போது ஒத்தவற்றையே ஒப்பிட வேண்டும். 'இதர வேலைகள்' எவை என்று வாசித்துப் பார்த்தேன். எஞ்சினைக் கழுவி மெருகிடுதல், ஏ.சி.யைத் தூய்மை செய்தல், அடிப்பகுதிக்குப் பூச்சு அடித்தல். இவற்றுள் ஒன்றுக்கும் கிளட்சுக்கும் தொடர்பில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. அவற்றை நீக்கினால் உண்மை வேறுபாடு ரூ. 4,900 மட்டுமே. அதாவது, வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி, கேளாமலே சேர்த்த வேலைக்கு உரியது.

எஞ்சியது எங்கிருந்து வந்தது?

அந்த ரூ. 4,900இல் கூலியின் பங்கு ரூ. 2,600. இதில் ஏறத்தாழ ரூ. 700 அரசுக்குச் செல்லும் 18 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் ரூ. 20 இலட்சத்துக்கு உட்பட்ட சிறு பட்டறைகள் பதிவு செய்ய வேண்டுவதில்லை. ஆகவே அவை வரி கேட்பதில்லை. மீதிக் கூலி, கண்ணாடிக் கூடத்துக்கும் வரவேற்பு மேசைக்கும் இட வாடகைக்கும் போய்ச் சேர்கிறது.

பாகங்களின் வேறுபாடு ரூ. 2,100. கார்க் கம்பெனி தன் காரின் எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. நம் ஓசூரிலும் சென்னைப் பாடியிலும் கிளட்சும் பிரேக்கும் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பாகம் செய்தவர் தம் பெயரிட்ட பெட்டியில் விற்றால் ஒரு விலை. அதே பாகம் கார்க் கம்பெனியின் பெட்டியில் வந்தால் வேறு விலை. எங்கள் கிளட்சைக் காஷ்மீரி கேட் சந்தையில், செய்தவரின் பெட்டியிலேயே வாங்கினோம்.

இந்தச் சந்தை எல்லோருக்கும் திறந்தே இருந்தது என்று எண்ணிவிட வேண்டா. அசல் உதிரிப்பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிட்டாதபடி தடுத்தன என்று கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. ஆயினும் விலை உயர்வுக்குத் தரம் மட்டுமே காரணம் அன்று என்பதை அந்த ஆணை நாடறியச் செய்தது.

மறுபக்கம்

பட்டறைக்காரர் நல்லவர், கம்பெனியார் தீயவர் என்று முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் மலிவாகக் கிடைத்ததென்று தந்தையார் பிரேக் பேடு மாற்றினார். நான்கே மாதத்தில் அது இரும்பு வரை தேய்ந்து, டிஸ்க்கையும் கீறிவிட்டது. பில் இல்லை, யாரைக் கேட்பது? பேடும் டிஸ்க்கும் மறுபடி வாங்கினோம். மலிவு என்று நினைத்தது இருமடங்கு செலவாயிற்று. பயணிகளின் உயிரோடு விளையாடியது தனிக் கணக்கு.

ஆகவே எதை எங்கே செய்வது என்று பிரித்தறிய வேண்டும். வாரண்டி உள்ள வண்டியைக் கம்பெனியிடமே கொண்டு செல்க. குறையுள்ள பாகத்தைக் கம்பெனியே திரும்ப அழைத்து மாற்றினால் செலவு இல்லை. காற்றுப்பையும், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளின் மின்னணுப் பழுதுகளும் உரிய கருவி உள்ள இடத்திலேயே பார்க்கத்தக்கவை. வாரண்டி கடந்த வண்டியின் ஆயில், பிரேக், கிளட்ச், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்குத் தேர்ந்த பட்டறை போதும்.

எங்கே சென்றாலும் நான்கு செய்க. பாகத்தைச் செய்தவர் யார், பெட்டியில் அச்சிட்ட விலை என்ன என்று பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கேளாத வேலையை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பில் பெறுங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நண்பர்களே, என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். இந்தி பேசுவார்; அந்த ஆங்கிலச் சீட்டை அவரால் வாசிக்க இயலவில்லை. கையெழுத்திடப் பேனாவைத் திறந்துவிட்டார். நான் அன்று விடுதியில் இருந்திருந்தால் ரூ. 18,500 போயிருக்கும், அந்த மாதம் எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். நம்மில் பலர் வீட்டில் இத்தகைய பெரியவர்கள் உண்டு. நாம் கற்ற கல்வி பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வீட்டுக்குச் செல்லும்போது, அவர்கள் கையிலுள்ள சீட்டை வாங்கி வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள்.