கண்டிகோட்டா, பேலம், அகோபிலம்: எதை விடுவது?

ஆந்திரத்தின் ராயலசீமாவுக்கு இரண்டு நாள் பயணம் போடுகிறவர்கள், எதை விடுவது என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. கண்டிகோட்டா, பேலம், யாகண்டி, அகோபிலம் நான்கையும் ஒரே சனி ஞாயிறில் அடைக்கும் திட்டங்கள் நிறையச் சுற்றுகின்றன. அப்படிப் போனால் பாதிப் பொழுது சாலையில் கரைந்துவிடும். பார்த்த இடங்களும் படம் எடுத்த இடங்களாக மட்டுமே மிஞ்சும்.

இந்த இடங்களுக்குள்ள வேறுபாடு பாறையில் தொடங்குகிறது. நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் பதித்திருக்கும் கடப்பா கல் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்தான். அது நீரில் மெல்லக் கரையும். விரிசல்களில் இறங்கிய தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குடைந்த குகை பேலம். அதற்குத் தெற்கே எர்ரமலையில் இருப்பது குவார்ட்சைட் என்ற கெட்டிப் பாறை. அது கரைந்து கொடுக்காது. ஆறு அறுத்துத்தான் வழி கண்டிருக்கிறது. அந்த அறுப்பின் விளிம்பில் நிற்கிறது கண்டிகோட்டா. தெலுங்கில் 'கண்டி' என்றால் மலையிடுக்கு. அறுத்த ஆறு வடபெண்ணை. நந்திமலைப் பக்கம் பிறந்து நம் கிருஷ்ணகிரிக்கும் விழுப்புரத்துக்கும் வரும் தென்பெண்ணைக்கு உடன்பிறப்பு.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் கண்டிகோட்டாவைச் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை: இரவு அங்கே தங்க வேண்டும். நண்பகலில் வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறவர்களுக்கு, வெளிறிய பாறையும் கீழே பச்சைத் தண்ணீரும்தான் கிடைக்கும். மாலை நாலரைக்கு மேல் வெயில் சாயும்போதுதான் செம்பாறை அடுக்குகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். யாரோ பெரிய கற்பலகைகளை அளவெடுத்து அடுக்கி வைத்ததுபோல இருக்கும். மறுநாள் விடியலில் அதே பாறை வேறு நிறம். இந்த இரண்டு பொழுதுகளுக்கும் இடையில் கோட்டைக்குள் நடக்கலாம். மாதவராயர் கோயில், ரங்கநாதர் கோயில், ஜும்மா மசூதி, பெரிய தானியக் களஞ்சியம், இவற்றுக்கு நடுவே இன்றும் குடியிருக்கும் ஒரு சிற்றூர். 'இந்தியாவின் கிராண்ட் கேன்யன்' என்ற விளம்பரத்தை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அமெரிக்கப் பள்ளத்தோடு ஒப்பிட்டால் இது சின்னது. ஒப்பிடாமல் பார்த்தால் மூச்சடைக்கும். விளிம்புப் பாறைகளில் காற்று பலமாக அடிக்கும்; குழந்தைகளின் கையை விட வேண்டாம். மேலும் கீழும் அணைகள் இருப்பதால், இடுக்கில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது அந்தந்த ஆண்டைப் பொறுத்தது.

பேலம் கண்டிகோட்டாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மொத்தம் 3,229 மீட்டர் நீளம்; நாம் நடக்க முடிவது ஒன்றரை கிலோமீட்டர். 1884-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இதைப் பதிவு செய்தார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து ஜெர்மானியக் குகை ஆய்வாளர்கள் வந்து வரைபடம் போட்டார்கள். மிக ஆழமான இடத்துக்குப் பாதாளகங்கை என்று பெயர். நுழைவாயிலிலிருந்து 46 மீட்டர் கீழே. அங்கே கசியும் நீர் எங்கோ உள்ளே போய் மறைகிறது. குகை என்றால் குளுகுளுவென்று இருக்கும் என நினைத்துப் போகிறவர்கள் சட்டை நனைந்து வெளியே வருகிறார்கள். உள்ளே அத்தனை புழுக்கம். சில இடங்களில் குனிந்துதான் போக வேண்டும். மூச்சுத் திணறல் உள்ளவர்களும் மூட்டு வலிக்காரர்களும் பேலத்தை விட்டுவிடலாம், வருத்தப்பட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் நான் சொன்ன வரிசையை மாற்றி, பேலத்துக்கே முதலிடம் கொடுங்கள். புவியியல் பாடத்தில் படித்த சொற்களெல்லாம் தலைக்கு மேல் தொங்குவதைப் பார்ப்பார்கள்.

யாகண்டி பனகானபள்ளிக்குப் பக்கம். சுண்ணாம்புப் பாறை மடிப்பில் ஒரு சிவன் கோயில், வற்றாத திருக்குளம், செங்குத்தான படியேறிப் போகும் அகத்தியர் குகை. நம் அகத்தியரேதான். பேலம் போகிறவர்கள் அன்றைக்கே சேர்த்துக்கொள்ளலாம். இதற்கென்று தனிப் பயணம் தேவையில்லை.

அகோபிலம் வேறு கணக்கு. கண்டிகோட்டாவுக்கு வடகிழக்கே நல்லமலைக் காட்டுக்குள், ஒன்பது நரசிம்மர்கள். திருமங்கையாழ்வார் பாடிய சிங்கவேள்குன்றம் இதுதான். மேல் அகோபிலத்திலிருந்து பவநாசி ஓடையை ஒட்டி, பாறைகள் தாண்டி ஜ்வாலா நரசிம்மரிடம் போகும் வழி, கோயிலுக்குப் போகாதவரையும் இழுக்கும். மழைக்குப் பிறகு போனால் மலைமுகட்டிலிருந்து தண்ணீர் நடைபாதைமேலேயே விழும். ஏற முடியாதவர்களுக்கு டோலி உண்டு. ஆனால் இதற்கு ஒரு முழு நாள் வேண்டும், நல்ல முழங்காலும் வேண்டும். கண்டிகோட்டாவோடு ஒட்ட வைக்காமல், இதைத் தனியாக இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள். கோடையில் இந்த மேட்டு நிலம் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். பாறையில் கை வைக்க முடியாது. சென்னை–மும்பை ரயில் பாதையில் முத்தனூரில் இறங்கினால் கண்டிகோட்டா பக்கம். தாடிபத்ரியில் இறங்கினால் பேலம் 30 கிலோமீட்டர். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறித் திரும்பினால், வந்த வழியே போகாமல் இரண்டையும் பார்த்துவிடலாம். நடுவே ஜம்மலமடுகு ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கேட்டுப் பாருங்கள். நம் கேழ்வரகுக் களிதான், சோறு கலந்து கொஞ்சம் இளக்கமாக இருக்கும்.