பள்ளி அலுவலகப் பணிக்கு நேர்முகத் தேர்வு

நம்மில் சிலர் பிற்காலத்தில் பள்ளி அலுவலகப் பணிக்கு விண்ணப்பிக்கக்கூடும். தட்டச்சுத் தேர்ச்சியும் கணினி அறிவும் வேண்டியவைதாம். அவற்றைப் பயிற்சி நிலையத்திலேயே கற்றுக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வுக்கென்று நாம் கற்க வேண்டியது பதிவேடுகளைப் பற்றி.

சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும் பிறந்த தேதியுமே மாற்றுச் சான்றிதழிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் தொடர்ந்து வருகின்றன. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பத்தாம் வகுப்பினருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. (ஓர் இனிஷியலுக்காகத்தான் எத்தனை நடை!) ஆகவே, “பிறப்புச் சான்றிதழைப் பார்த்தே எழுதுவேன், எழுதியதைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுவேன்” என்று சொல்லப் பழகுவோம்.

“மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் ஏழு வயதுக் குழந்தையுடன் ஒரு தாய் வந்தால் என்ன செய்வாய்?” என்றும் கேட்கலாம். “வாங்கி வந்தபின் பார்க்கலாம்” என்பது சரியான விடையன்று. அரசுப் பள்ளியானால், அச்சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது. இது தெரியாத எழுத்தர் ஒருவரால் அக்குழந்தை பல நாள் வீட்டிலிருக்க நேரலாம். சேர்க்கும் அதிகாரம் தலைமையாசிரியருடையது. அந்தத் தாயை உட்காரச் சொல்லி, விண்ணப்பத்தை உடனே அவரிடம் கொண்டுபோவது எழுத்தரின் வேலை.