மாத்திரையும் வாக்குச்சீட்டும்

2018 பெப்ரவரி இறுதி. அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் கறிக்குள் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு காணொளி முகநூலில் பரவியது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், சூழ்ந்து நின்றவர்களுக்குப் பயத்தில் சொன்ன பதிலே ஒப்புதலாகிவிட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தால், அது வெறும் மாக்கட்டி! நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகிலேயே இல்லை. மார்ச் மாதம், நமது அயல் மாவட்டத்தில் திகன எரிந்தபோதும் முகநூல் பதிவுகள் எண்ணெய் ஊற்றின. முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

அதே பயம் 2019 மே மாதம், குருநாகல் வைத்தியர் ஒருவர் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டாக வந்தது. ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் கூறியது. அதற்குள் கதை வீடுவீடாகப் போய்விட்டது. நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல். வாக்காளர் மனதில் நின்றது குற்றச்சாட்டா, மறுப்பா?

வாக்களிப்புக்கு முந்திய 48 மணிநேரம் பிரசாரம் செய்யக்கூடாது. சுவரொட்டியென்றால் பொலிஸார் அகற்றுவார்கள். துண்டுப்பிரசுரமென்றால் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரல் பதிவில் பெயருமில்லை, அச்சகமுமில்லை. அனுப்பியவர் சாச்சியாகவோ மாமியாகவோ இருப்பதால் யாரும் விசாரிப்பதுமில்லை. பொய்யை எழுதியவர் எங்கோ இருக்க, நம் வீட்டு நம்பிக்கையே அதைச் சுமந்து செல்கிறது. அடுத்த வருடம் எனக்கும் என் வகுப்புத் தோழிகளுக்கும் வாக்குரிமை கிடைக்கிறது. அந்தக் குரல் பதிவுகள் எங்களுக்கும் வரும்.