ஹோர்னை நம்பி ஓடாதே

குருநகர்.

அன்புள்ள மருமகனுக்கு,

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது உன் புது மோட்டார் சைக்கிளைக் காட்டினாய். கொம்பனி ஹோர்னைக் கழற்றிவிட்டு இரட்டை ஹோர்ன் பூட்டியிருந்தாய். "சத்தம் பெரிசெண்டால் பாதுகாப்பும் கூட, மாமா" என்றாய். அந்த இடத்தில் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாய். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

சில வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, கடற்கரை வீதியால் இறங்குதுறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளில் போனார், கரியரில் நண்டுப் பெட்டி கட்டியிருந்தது. நெருங்கிப் போய், ஐந்தாறு மீற்றர் இருக்கும்போது ஹோர்னை அழுத்தினேன். அவர் திடுக்கிட்டு வலது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார். தலை திரும்பிய பக்கம் கை போனது, கை போன பக்கம் சைக்கிளும் போனது. நான் எந்த இடைவெளியால் விலத்திப் போக நினைத்தேனோ அதை என் ஹோர்னே அடைத்துவிட்டது. பின் பிறேக்கை ஏறி மிதித்தேன். பெட்டிகளால் ஒழுகியிருந்த மீன் தண்ணியில் சில்லு வழுக்க, இரண்டு பேரும் விழுந்தோம். வீதியெல்லாம் நண்டு. முழங்கையில் இரத்தத்தோடு எழும்பியவர் கேட்டார்: "ஏன் தம்பி அடிச்சனீர்? நான் ஓரமாத்தானே போனனான்?" எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

ஹோர்ன் அடிப்பதென்பது உன் உயிரைக் காக்கும் வேலையை இன்னொருவர் கையில் கொடுப்பது. அவருக்கு அது கேட்க வேண்டும், தனக்குத்தான் என்று விளங்க வேண்டும், அதன் பிறகு அவர் சரியான பக்கம் விலத்தவும் வேண்டும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு ஓடுகிறவருக்கு வெளிச் சத்தம் பாதிகூடப் போய்ச் சேராது. வெளியிணைப்பு எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து முப்பது வருடம் கடற்றொழில் செய்த எங்கள் ஆட்கள் எத்தனை பேருக்குக் காது மந்தம் என்று உனக்குத் தெரியாதா? அதோடு, எங்கள் ஒழுங்கைகளில் ஹோர்ன் கேட்டால் மீன்காரர் வருகிறார் என்றுதான் சனம் நினைக்கும். பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். காது பழகிவிட்டது.

இனிக் கணக்கைப் பார். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குள் ஏறக்குறைய 14 மீற்றர் போய்விடுவாய். ஆபத்தைக் கண்டு கை அசையவே ஒரு செக்கன் போகும். காய்ந்த வீதியில் நன்றாகப் பிறேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 15 மீற்றருக்கு மேல் வேண்டும். இரண்டையும் கூட்டினால் 30 மீற்றர், ஏறக்குறைய மூன்று பஸ் நீளம். ஹோர்னை அழுத்திவிட்டு "விலத்துவான்" என்று ஒரு செக்கன் காத்திருந்தாயோ, அதில் 14 மீற்றர் காணாமல் போய்விடும்.

ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே ஆட்களை அனுப்பி ஆராய்ந்தார். அறிக்கை 1981இல் வந்தது. விபத்தைத் தவிர்க்க ஓடியவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு செக்கனுக்கும் குறைவு. அதற்குள் பலர் செய்தது பின் பிறேக்கை மிதித்துச் சில்லை வழுக்க விட்டதுதான். முன் பிறேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. கடற்கரை வீதியில் நான் செய்த அதே பிழை! இன்னொன்றையும் அவர் கண்டார். மோதிய மற்ற வாகனக்காரர் பலர், மோட்டார் சைக்கிளைக் காணாமலே அதன் பாதைக்குக் குறுக்கே திரும்பியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் அது எதிரே வந்து வலப்பக்கம் திரும்பும் வான். அந்தச் சாரதி உன்னைக் காண வேண்டும். பகலிலும் லைட்டைப் போட்டு ஓடு, வெளிச்சமான நிறத்தில் உடுப்புப் போடு. அவர் முகம் உன் பக்கம் திரும்பியிருக்கிறதா, முன் சில்லு அசைகிறதா என்று பார்.

கடலில் ஹோர்னுக்கு ஒரு பாஷை இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி ஒரு குறுஞ்சத்தம் என்றால் "நான் வலப்பக்கம் திரும்புகிறேன்", இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது, ஐந்து அடித்தால் "நீ என்ன செய்யப் போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை". கப்பல்காரன் தான் செய்வதைச் சொல்கிறான். வீதியில் நாங்கள் "விலத்து" என்ற ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். நீ செய்யப் போவதைச் சொல்ல உன்னிடம் சிக்னல் லைட் இருக்கிறது. அதைப் போட நீ எப்போதும் மறக்கிறாய்.

நான் ஓடப் பழகியது தொண்ணூறுகளில், பெற்றோல் கிடைக்காத பொருளாதாரத் தடைக் காலத்தில். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடும் எம்.டி. 90 மோட்டார் சைக்கிள். பற்றரி செத்துப்போயிருந்தது, புதிது வாங்க வழியில்லை, ஆகவே ஹோர்னும் இல்லை. அதனால் ஒழுங்கை முடக்கில் நடக்கிற வேகத்துக்கு இறங்குவோம். படலைக்குக் கீழால் கால் தெரிகிறதா என்று பார்ப்போம். மதில் ஓரத்தில் சைக்கிள் நிழல் நீண்டால் நிற்போம். இப்போது மதில்கள் இன்னும் உயர்ந்துவிட்டன, மோட்டார் சைக்கிள்களின் வேகமும் கூடிவிட்டது. அந்தப் பார்வைதான் குறைந்துபோனது.

ஹோர்ன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதில் மறைக்கும் முடக்கில் ஒரு சின்னத் தட்டு தட்டு. பின்னுக்கு எடுக்கும் வானுக்கு அடி. சைக்கிள்காரரை விலத்துவதென்றால் 30 மீற்றருக்கு அங்கால் இருந்தே மெதுவாக இரண்டு தரம் தட்டி, அவர் கேட்டாரா என்று பார்த்து, தாராளமாக இடம் விட்டுப் போ. கேட்காவிட்டால் பின்னாலேயே போ. 1968இன் வியன்னா வீதிப் போக்குவரத்துச் சாசனமும் ஊர்மனைக்குள் விபத்தைத் தவிர்க்க மட்டுமே ஹோர்ன் அடிக்கலாம் என்கிறது. மாட்டுக்கும் நாய்க்கும் அடிக்காதே, மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வீதியில் அடிக்கவே அடிக்காதே.

ஹோர்ன் இடக்கைப் பெருவிரலில். முன் பிறேக் வலக்கை விரல்களில். பழக வேண்டியது வலக்கை. இரண்டு பிறேக்கையும் சேர்த்து, முன்னதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பிடித்து, சில்லு வழுக்காமல் நிறுத்த வேண்டும். ஈரத்திலும் மணலிலும் இன்னும் மென்மையாகப் பிடிக்க வேண்டும். இது வாசித்து வராது.

வருகிற ஞாயிறு பின்னேரம் முற்றவெளிக்கு வா. ஹெல்மெற்றின் வாரைக் கொழுவிக்கொண்டு வா. கழற்றிய கொம்பனி ஹோர்னையும் ஸ்பானரையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
மாமா