பேஸ் கிற்றாரின் நரம்புகள்

பிள்ளைகளே, காரில் ஒரு சினிமாப் பாட்டைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக் கேளுங்கள். பாடகரின் குரலுக்குக் கீழே "டும், டும்" என்று ஓர் ஒலி இருக்கையை அதிர வைக்கும். அது பெரும்பாலும் பேஸ் கிற்றாரின் ஒலி. அதில் பொதுவாக நான்கு நரம்புகள் இருக்கும்.

"நரம்போ? அது உடம்புக்குள்ளதானே இருக்கு?" என்று கேட்பீர்கள். யாழ், வீணை ஆகியவற்றின் தந்தியையும் தமிழில் நரம்பு என்பார்கள். மேற்கு நாடுகளில் ஆட்டின் குடலைத் திரித்தே பல இசைக்கருவிகளுக்கு நரம்பு செய்தார்கள். ஆளை விட உயரமான டபிள் பேஸ் என்ற கருவிக்கும் அந்த நரம்புதான்.

1951இல் அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சாரக் கிற்றாரைச் செய்து விற்கத் தொடங்கினார். இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். ஆனால் குடல் நரம்பு இதற்கு உதவாது. நரம்புகளுக்குக் கீழே 'பிக்கப்' என்ற பகுதி இருக்கிறது. அதற்குள் காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் உண்டு. காந்தத்துக்கு மேலே இரும்பு அதிர்ந்தால், சுருளில் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதுதான் ஒலிபெருக்கிக்குப் போகிறது. ஆட்டுக் குடல் எவ்வளவு அதிர்ந்தாலும் காந்தத்துக்குத் தெரியாது!

அப்படியானால் உருக்குக் கம்பி வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். பேஸின் மிகத் தாழ்ந்த நரம்பு ஒரு விநாடியில் 41 தடவை மட்டும் அதிர வேண்டும். கனமான நரம்புதான் அப்படி மெதுவாக அதிரும். ஆனால் ஒரே தடித்த கம்பியைப் போட்டால் அது கோல் போல விறைத்து நிற்கும். அதனால் நடுவில் மெல்லிய கம்பியை வைத்து, அதன் மேல் இன்னொரு கம்பியைச் சுற்றினார்கள். வீணை படிக்கிறவர்கள் மந்தரம், அனுமந்தரம் நரம்புகளைத் தடவிப் பாருங்கள். பல வீணைகளில் அங்கும் கம்பி சுற்றியிருக்கும்.

முதலில் வந்த பேஸ் நரம்புகளில் நாடா போன்ற தட்டையான கம்பியைச் சுற்றியிருந்தார்கள். தொட்டால் வழுவழுப்பு. ஒலியும் மென்மை. அமெரிக்காவின் ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பெரிய பேஸ் கலைஞர், அறுந்தால் ஒழிய நரம்பை மாற்றவே மாட்டாராம். பழைய நரம்பின் ஒலிதான் அவருக்குப் பிடித்தது.

இனி எங்கள் லண்டனுக்கு வருவோம். 1946இல் பிளேஸ்டோவில் பிறந்தவர் றொனி லேன். 1965இல் அவர் தந்தையோடு மனோர் பார்க்கில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போய் பேஸ் கிற்றார் வாங்கினார். கடை இருந்தது ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில். ஆம், இன்று நாங்கள் சேலையும் மரக்கறியும் வாங்கப் போகும் அதே தெருதான்! கடையில் வேலை செய்த ஸ்டீவ் மரியட் அவருக்கு நண்பரானார். அந்த ஆண்டே இருவரும் 'ஸ்மோல் ஃபேசஸ்' குழுவில் சேர்ந்து வாசித்தார்கள்.

அதே ஆண்டில் 'த ஹூ' என்ற இன்னொரு லண்டன் குழுவின் ஜோன் என்ட்விசில் ஒரு பாட்டுக்குப் பளிச்சென்ற ஒலியைத் தேடினார். டேன்எலெக்ட்ரோ என்ற அமெரிக்க பேஸின் மெல்லிய நரம்பில் அது கிடைத்தது. ஆனால் நரம்பு அறுந்துவிட்டது. இந்தக் கதையைக் கேட்ட தம்பிக்கும் அக்காவுக்கும் நடந்த பேச்சு இது:

"பிறகு என்ன செய்தவர் அக்கா?"

"இன்னொரு கிற்றார் வாங்கினவர். அதுவும் அறுந்து போச்சு. திரும்பவும் வாங்கினவர்."

"என்ன? ஒரு நரம்புக்காக முழுக் கிற்றாரோ?"

"வேற என்னடா செய்யிறது? அந்த நரம்பைத் தனியா விக்கிற கடை இங்க இருக்கேல்லை."

கடைசியில் அவர் வேறொரு கிற்றாரில்தான் அந்தப் பாட்டை வாசித்தார். ஆனால் ஆசை விடவில்லை. 1966இல் றொட்டோசவுண்ட் என்ற இங்கிலாந்து நிறுவனத்தை நடத்திய ஜேம்ஸ் ஹவ்விடம் போனார். இருவரும் உருண்டைக் கம்பி சுற்றிய பேஸ் நரம்புகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். பியானோ போலக் கணீரென்று ஒலிக்கும் நரம்பு கிடைத்தது. தொட்டால் அரம் போலச் சொரசொரப்பு. விரல் கொஞ்சம் நோகும். இன்று பேஸ் வாசிப்பவர்களில் பலர் உருண்டைச் சுற்று நரம்பையே போடுகிறார்கள்.

எல்லாரும் அல்ல. பக்கத்து லேட்டன்ஸ்டோனில் பிறந்த, 'அயன் மெய்டன்' குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் மிக வேகமாக வாசிப்பவர். அவர் போடுவது தட்டைச் சுற்று நரம்பு!

புதிய சொற்கள்: உருக்கு – உறுதியான இரும்பு வகை. மின்னோட்டம் – கம்பியில் ஓடும் மின்சாரம். விறைப்பு – வளையாத தன்மை. அரம் – இரும்பைத் தேய்க்கும் கருவி.

செய்து பாருங்கள்: ஒரு காந்தத்தை கிற்றார், வயலின், வீணை நரம்புகளுக்கு அருகில் மெதுவாகக் கொண்டு போங்கள். எவை காந்தத்தை நோக்கி இழுபடுகின்றன? எவை அசையவில்லை? வீட்டில் ஒருவருக்குத் தமிழில் சொல்லுங்கள்.