நோட்டுக்கு அவசரமில்லை, பேச்சுக்குத் தாமதம் கூடாது

பிறந்தது முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சி, கற்றல் பற்றிய கேள்வி-பதில் பகுதி இது. இந்த இதழில் விழுப்புரம், திண்டிவனம் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்.

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தோம். தினமும் ஒரு பக்கம் ஆங்கில எழுத்து, ஒரு பக்கம் 1 முதல் 20 வரை எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலைக் கையில் கொடுத்தாலே அழுகிறாள். இரண்டு அடி போட்டும் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையன் மளமளவென்று எழுதுகிறான். இவளுக்கு ஏதாவது குறை இருக்குமா?
— ஒரு தாய், திண்டிவனம்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை, அம்மா. வயதுக்கு மீறிய வேலையைக் கொடுத்தால் எந்தக் குழந்தையும் அழத்தான் செய்யும்.

குழந்தையின் கை எந்த வயதில் எதை வரையும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பார்த்து வட்டம் போட ஏறக்குறைய 3 வயது ஆகும். கூட்டல் குறிக்கு 4, சதுரத்துக்கு நாலரை, முக்கோணத்துக்கு 5. சில குழந்தைகள் சற்று முந்தும், சில பிந்தும். உங்கள் மகள் இப்போது வட்டத்துக்கும் கூட்டல் குறிக்கும் நடுவில் இருக்கிறாள். அவளிடம் ஒரு பக்கம் முழுக்கச் சாய்கோடும் வளைவும் கேட்டால் எப்படி வரும்? கையும் இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மணிக்கட்டில் உள்ள 8 எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாகத்தான் அவை இறுகும். கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே 8 வயதைத் தாண்டிவிடும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் பென்சிலைச் சரியாகப் பிடிக்கும் பழக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 4 முதல் 6 வயதுக்குள் வரும்.

அதுவரை விரலுக்கு வலு சேர்க்கும் வேலைகளைக் கொடுங்கள். நம் பக்கத்து வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. மல்லாட்டை உரிக்கட்டும், முருங்கைக்கீரை ஆயட்டும், சப்பாத்தி மாவை உருட்டட்டும், மணலில் விரலால் கோலம் போடட்டும். இவை எல்லாமே எழுத்துக்கான பயிற்சிதான். ஒரு எச்சரிக்கை: மல்லாட்டைப் பருப்பு மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் அதை முழுசாக வாயில் போடாமல் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணையும் இப்படியே பாருங்கள். 20 வரை ஒப்பிப்பது பாட்டுப் பாடுவது போலத்தான். ஐந்து புளியங்கொட்டையை வைத்து, "எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். எண்ணி முடித்ததும் மறுபடி, "ஆக எத்தனை?" என்று கேளுங்கள். மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. நான்கு வயதையொட்டி அது பிடிபடும். அது தெரியாமல் நோட்டில் 20 எழுதி என்ன பயன்?

இனி அடிக்காதீர்கள். அடி விழுந்தால் எழுத்து வராது, எழுத்தின் மேல் பயம்தான் வரும். டீச்சரை நேரில் பார்த்து, "வீட்டில் எழுத வைக்கவில்லை, விரல் வேலை கொடுக்கிறேன்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். நான்கு வயது முடிந்தும் கோடுகூடக் கிறுக்க முடியாமல் இருந்தாலோ, சோற்றைத் தானே எடுத்துச் சாப்பிட முடியாவிட்டாலோ, ஒரு கையை எப்போதும் ஒதுக்கியே வைத்திருந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். இரண்டே கால் வயசுப் பேரன் என்னிடம்தான் வளர்கிறான். 'அம்மா', 'தா' தவிர வேறு பேச்சு இல்லை. போனில் பாட்டுப் போட்டால்தான் சாப்பிடுகிறான். ஆண் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகத்தான் வரும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
— ஓர் ஆயா, விழுப்புரம்

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. இரண்டு வயது முடியும்போது, "பால் தா", "அப்பா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். ஆண் பிள்ளைகள் சற்றே பிந்துவது உண்டு, ஆனால் அதைச் சொல்லிக்கொண்டு சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் காது. உங்களைப் பார்க்காமல் இருக்கும்போது பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா? திரும்பினாலும் முழுமையான கேட்புச் சோதனை செய்துவிடுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் காட்டலாம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயது வரை கிடைக்கிறது. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.

அடுத்து, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா, கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறானா, நீங்கள் செய்வதைப் பார்த்துச் செய்கிறானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இவை இல்லையென்றால் ஆட்டிசம் உண்டா என்றும் அவர் பார்ப்பார்.

சோதனை நடக்கும்போதே போனை எடுத்து வைத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது. போன் பாடும், ஆனால் குழந்தை 'ஆ' என்றால் அதற்குப் பதில் சொல்லாது. பதில் கிடைக்கும்போதுதான் பேச்சு வளரும். அவன் காக்காயைப் பார்த்தால், "காக்கா வந்துச்சா? சோறு கேக்குதா?" என்று கேட்டுவிட்டு, அவன் ஒரு சத்தமாவது எழுப்பும்வரை பொறுத்திருங்கள். முதல் வாரம் சாப்பிட அடம் பிடிப்பான். பசித்தால் சாப்பிடுவான், பயப்படாதீர்கள்.

கேள்வி: மரக்காணம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகனுக்கு மூன்று வயது. எங்கள் தெருவிலேயே அங்கன்வாடி இருக்கிறது. "அது சோறு போடுற இடம், படிப்பு எங்கே இருக்கு?" என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது திண்டிவனத்துக்கு வேனில் அனுப்பலாமா?
— ஒரு தந்தை

பதில்: கடன் வாங்குவதற்கு முன் ஒரு காலை முழுவதும் அந்த அங்கன்வாடியில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

சோறு போடுவதும் சாதாரண விஷயமல்ல. ஐந்து வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அதற்குப் புரதமும் இரும்புச் சத்தும் வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி வயது வராத குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. இன்று தமிழ்நாட்டின் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளில் குழந்தைகளுக்குச் சோற்றோடு முட்டையும் கிடைக்கிறது. கற்பிக்க 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எடை பார்ப்பது, பதிவேடு எழுதுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது எல்லாம் ஒரே ஊழியரின் தலையில் விழுகிறது. தமிழ்நாட்டின் 4 மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவற்றில் பாதி மையங்களுக்கு, கற்பிப்பதற்கென்றே அரை நாள் ஊழியர் ஒருவர் கூடுதலாக நியமிக்கப்பட்டார். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் அந்தப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். பழைய ஊழியருக்கும் ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைகளும் குறைந்தார்கள். கட்டடமும் சீருடையும் மாறவில்லை. பிள்ளையோடு உட்கார ஓர் ஆளும் நேரமும் கிடைத்தன, அவ்வளவுதான்.

உங்கள் பகுதிக்கே இதில் ஒரு பெருமை உண்டு. இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்டது மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில்தான். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் பிள்ளைகள் இழந்த படிப்பை, தமிழ்நாட்டின் சுமார் 220 கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளிடம் ஆய்வாளர்கள் அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலையில் தெருவிலேயே தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுத்ததால் வந்தது.

ஆகவே அங்கன்வாடியில் போய் மூன்றைப் பாருங்கள். ஊழியர் குழந்தைகளிடம் பேசுகிறாரா, பாட்டும் கதையும் உண்டா, விளையாட்டுப் பொருள் பெட்டியில் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகள் கையில் இருக்கிறதா? இருந்தால் அங்கேயே அனுப்புங்கள். குறை இருந்தால் நான்கு பெற்றோர் சேர்ந்து போய்ப் பேசுங்கள், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையைத் தினமும் வேனில் அலைக்கழிப்பதைவிட இது நல்லது. வேனுக்குக் கொடுக்கும் பணத்தைப் பாலுக்கும் பழத்துக்கும் படக்கதைப் புத்தகத்துக்கும் செலவிடுங்கள்.

கேள்வி: குழந்தையிடம் வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்கிறது பள்ளி. எங்களுக்கு ஆங்கிலம் அரைகுறைதான். என்ன செய்வது?
— ஒரு தம்பதி, விழுப்புரம்

பதில்: உங்களுக்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ அதில் பேசுங்கள். 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் ஆங்கிலம் கேட்டு வளரும் குழந்தைகளைச் சோதித்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இந்தியில் உள்ள 'த', 'ட' ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. சுற்றியிருப்பவர்கள் பேசும் மொழிக்கே முதல் ஆண்டிலேயே காது பழகிவிடுகிறது.

நான்கைந்து ஆங்கிலச் சொல்லோடு முடிந்துபோகும் பேச்சால் குழந்தைக்குக் கிடைப்பது குறைவு. தமிழில் நீங்கள் காரணம் சொல்வீர்கள், கதை சொல்வீர்கள், அவன் கேட்கும் "ஏன்?"களுக்குப் பதில் சொல்வீர்கள். அந்தச் சிந்தனை பின்னால் ஆங்கிலத்துக்கும் உதவும். குழந்தைகளால் இரண்டு மொழிகளையும் கற்க முடியும், எனவே ஆங்கிலம் பள்ளியில் வரட்டும். திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலானோரின் முயற்சியில் தாய்த்தமிழ்ப் பள்ளி உருவானதும் தாய்மொழிவழிக் கல்வியில் வைத்த நம்பிக்கையால்தான்.

பள்ளியில் கேட்டால், "வீட்டில் தினமும் தமிழில் கதை சொல்கிறோம்" என்று தலைநிமிர்ந்து சொல்லுங்கள். இன்று இரவே ஒரு கதையில் தொடங்குங்கள். நடுவில் அவன் கேள்வி கேட்டால் கதையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.